விற்றதை மீண்டும் வாங்கும் முன்: பழைய ஹை-ஃபை கருவிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் விற்ற ஓர் ஆம்ப்ளிஃபயரை, சில ஆண்டுகள் கழித்து, அதே மாடலாகத் தேடிப் பிடித்து, விற்ற விலையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு கொடுத்து மீண்டும் வாங்கியிருக்கிறேன். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி ஒலிக்கும்போதெல்லாம் கீழ் ஒலி வீங்கிப் பாடகரின் குரலை மூடிக்கொண்டதால், பழியை ஆம்ப்ளிஃபயர் மேல் போட்டு அதை விற்றேன். அதன் பின் வந்த இரண்டு கருவிகளிலும் அதே வீக்கம் தொடர்ந்தபோதுதான், ஸ்பீக்கர்கள் இரண்டும் அறையின் மூலைகளில் சுவரோடு ஒட்டி நிற்பது உறைத்தது. இரண்டடி முன்னால் இழுத்து வைத்ததும் வீக்கம் அடங்கியது.

பழைய ஹை-ஃபையில், அதாவது வீட்டில் இசை கேட்பதற்கான உயர்தர ஒலிக்கருவிகளில், அதிகச் செலவு வைக்கும் தவறு இதுதான் என்று இன்று உறுதியாக நம்புகிறேன்: அறையின் குறையைக் கருவியின் குறையாக எண்ணி, நல்ல கருவியை விற்றுவிடுவது. சுவர்களும் தரையும் சந்திக்கும் மூலை கீழ் ஒலிகளைப் பெருக்கிக் காட்டும். கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் கொண்ட நம் வீட்டுக் கூடங்களில் மேல் ஒலிகள் அடங்காமல் எதிரொலித்துக் காதைக் கூசச் செய்யும். கேட்பவரோ சிடி பிளேயரை மாற்றிப் பார்ப்பார். விற்பதற்கு முன் தரையில் கனமான ஜமக்காளம் விரித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, ஸ்பீக்கர்களை இடம் மாற்றிக் கேளுங்கள். அப்போதும் திருப்தி இல்லையென்றால், கருவியை ஒரு மாதம் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு மாற்றுக் கருவியோடு வாழ்ந்து பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளை மாற்றினால், மாறிய ஒலிக்கு எது காரணம் என்பது கடைசிவரை தெரியாது.

மீண்டும் வாங்கும்போது, பெயர் ஒன்றாக இருப்பதால் கருவியும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். பிபிசி தன் ஒலிபரப்புப் பணிக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கரை உரிமம் பெற்ற பல நிறுவனங்கள் தயாரித்தன. முதலில் வந்தவை 15 ஓம் (மின்தடையின் அளவு); 1980களின் பிற்பகுதியில், மேல் ஒலியையும் கீழ் ஒலியையும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரை மாற்றி 11 ஓம் வகை வந்தது. ஒன்றை விற்றவர் மற்றொன்றை வாங்கிவிட்டு, பழைய ஒலி எங்கே போனது என்று தேடுவது வீண். இசைத்தட்டைச் சுழற்றும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளும் அப்படித்தான்: 1972இல் வந்த முதல் வகைக்கும், குவார்ட்ஸ் படிகத்தால் வேகத்தைச் சீராக வைக்கும் கட்டுப்பாட்டோடு 1979இல் வந்த எம்கே2 வகைக்கும் பெயரில் சிறு வேறுபாடுதான், உள்ளே பெரிய வேறுபாடு.

ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்காகச் செய்யப்பட்ட கருவிகள் அழகாகவும் கீறலின்றியும் வந்து சேருவதால், அவற்றை வாங்குவோர் மின்சாரத்தைப் பற்றி யோசிப்பதில்லை. அங்கே 100 வோல்ட், இங்கே 230 வோல்ட். நேராகச் சொருகினால் ஃப்யூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரோ பவர் சப்ளையோ சேர்ந்து கருகும். கடையில் எளிதில் கிடைக்கும், வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் 110 வோல்ட் தருவது. 100 வோல்ட் கருவிக்கு அது பத்து விழுக்காடு கூடுதல், நாளடைவில் சூட்டைக் கூட்டும். 100 வோல்ட் என்று கேட்டே வாங்குங்கள், கருவியின் பின்புறம் குறித்திருக்கும் வாட்டைப் போல் இரு மடங்குத் திறன் உள்ளதாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். டர்ன்டேபிளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்மூரில் 50. ஏசி சிங்க்ரனஸ் மோட்டாரால் ஓடும் டர்ன்டேபிளின் வேகம் இந்த ஹெர்ட்ஸைச் சார்ந்தது என்பதால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய இசைத்தட்டு இங்கே 28க்கும் குறைவாகச் சுற்றும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சரிசெய்யாது; 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (மோட்டாரின் சிறு சக்கரம்) வேண்டும். மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும், குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள டைரக்ட் டிரைவ் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஸ்பீக்கரைப் பெட்டியின் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். துணி மறைப்பைக் கழற்றச் சொல்லி, கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையம் காற்றின் ஈரத்திலேயே நொறுங்கிப்போகும். கடலோர ஊர்களில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ரப்பர் வளையம் நீண்ட நாள் தாங்கும். ஃபோம் புதிதாக ஒட்டப்பட்டிருந்தால், கூம்பை இரு கைகளாலும் சமமாக, மிக மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால், கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான ‘காயில்’ சரியாக நடுவில் இல்லை என்று பொருள். பிறகு மேல் ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்கு அருகில் காதை வைத்து, அது ஒலிக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள், ஏனெனில் ட்வீட்டர் கருகிய ஸ்பீக்கரும் தூரத்திலிருந்து கேட்டால் பாடிக்கொண்டுதான் இருக்கும். கருகிய காயிலுக்கு உள்ளூரில் புதிதாகச் சுற்றித் தருவோர் உண்டு. கம்பியின் தடிப்பும் சுற்றும் மாறினால் ஒலியும் மாறும், எனவே இரண்டு ஸ்பீக்கர்களின் மின்தடையையும் மல்டிமீட்டரில் அளந்து ஒப்பிடுங்கள். 8 ஓம் என்று எழுதியிருப்பது மீட்டரில் ஏறக்குறைய 6 காட்டும், அது குறையில்லை. இரண்டும் நெருக்கமாக இருப்பதே முக்கியம்.

ஆம்ப்ளிஃபயரை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பது தவறு. சூடேறிய பின் தலைகாட்டும் கோளாறுகள் பல, ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும். ஆண்டுக்கணக்கில் தூங்கிய கருவியை நேராக மின்சாரத்தில் மாட்டாமல், மெக்கானிக்குகள் மின்பாதையில் தொடராக இணைக்கும் சீரிஸ் பல்பு வழியாக முதலில் உயிர்கொடுக்கச் சொல்லுங்கள்; உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து கருவியைக் காப்பாற்றிவிடும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயராக இருந்தால், ஸ்பீக்கர் மாட்டாமல், வால்யூமை முழுதும் குறைத்து, ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட்டை அளந்துகொள்ளுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 100ஐத் தாண்டினால் பழுதுபார்ப்பு காத்திருக்கிறது. டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய்கள் கொண்ட வால்வு ஆம்ப்ளிஃபயரை மட்டும் ஒருபோதும் ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். நான் மீண்டும் வாங்கிய கருவியில் ஒரு சேனலின் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் மாற்றப்பட்டிருந்ததை வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்த பிறகே பார்த்தேன். சந்தையில் போலி டிரான்சிஸ்டர்கள் ஏராளம் என்பதால், மூடியைத் திறந்து காட்டச் சொல்வதில் கூச்சமே வேண்டாம்.

கேசட் டெக்கில் பெல்ட் கூழாகியிருப்பது சிறு செலவு. சிடி பிளேயரின் லேசர் அப்படியல்ல. பல பழைய மாடல்களுக்கு அந்தப் பாகமே இப்போது தயாரிப்பில் இல்லை.

விற்பவர்களின் தவறுகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பெயரைக் கெடுப்பவை. பிறர் கேட்கும் விலையைப் பார்த்துத் தம் விலையை வைப்பார்கள். உண்மையில் எந்த விலைக்குக் கைமாறியது என்பதை விசாரிக்க மாட்டார்கள். தெரிந்த குறையை மறைப்பார்கள், இத்தனை சிறிய வட்டத்தில் அது மறையாது. டர்ன்டேபிளை அனுப்பும்போது பிளேட்டரையும் (சுழலும் தட்டு) கவுண்டர்வெயிட்டையும் (எடைச் சமன்) கழற்றித் தனியே சுற்றாமலும், ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மைக் கட்டாமலும் பெட்டியில் இடுவார்கள். போய்ச் சேரும்போது அச்சும் ஊசியும் போயிருக்கும். யுபிஐயில் பணம் பெற ரகசிய எண் (PIN) தேவையே இல்லை; வாங்குபவர் கியூஆர் கோடு அனுப்பி அந்த ரகசிய எண்ணைப் போடச் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

விற்கத்தான் வேண்டும் என்று முடிவானால், சீரியல் எண்ணைக் குறித்து, மூடியைத் திறந்து உட்புறத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரிடம், பின்னாளில் விற்பதானால் முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி, அவர் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். என் ஆம்ப்ளிஃபயரை வாங்கியவரிடம் நான் அதைச் சொல்லவில்லை.