கெர்பலில் வளைய நிலையம்: இரண்டு போர்ட்டையும் ஒன்றாகப் பூட்டுவது எப்படி?

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் ராக்கெட் விடப் பழகியதும் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருப் பசங்க அடுத்துக் கேட்பது வளைய வடிவ விண்வெளி நிலையம்தான். ஆனால் ராக்கெட் கட்டும் கூடத்தில் வளையத்தை முழுசாக மூட முடியாது. அங்கே ஒவ்வொரு பாகமும் ஒரே ஒரு தாய்ப் பாகத்தில்தான் ஒட்டும், பிரிந்த கிளை சுற்றி வந்து இன்னொரு கிளையோடு சேராது. அந்த வேலையை டாக்கிங் போர்ட் (இரண்டு கப்பல்களைப் பூட்டி இணைக்கும் வாய்) செய்யும், அதுவும் சுற்றுப்பாதையில்.

முதல் படி, பாதி வளையம். நீளமான உடல், இரண்டு முனையிலும் ஒரு ஹப் (பல பக்கமும் பாகம் ஒட்டும் சந்திப்பு), அதிலிருந்து முன்னால் நீளும் ஒவ்வொரு கை, கை நுனியில் போர்ட். இரண்டு போர்ட்டும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும், இதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒன்று லேசாக உள்பக்கம் சாய்ந்தாலும் இரண்டும் சேர்ந்து பூட்டாது. கைகளைத் தனித்தனியாக வைக்காமல் சிமெட்ரியில் (ஒன்றை வைத்தால் மற்றதும் தானாக வரும் முறை) வையுங்கள், நீளம் தானாகச் சமமாகிவிடும். போர்ட்டில் ஆண் பெண் என்று இல்லை, அளவு ஒன்றாக இருந்தால் போதும், அதனால் இதே கப்பலை இரண்டு முறை ஏவினால் வளையம் ரெடி.

கைகள் ஆடக்கூடாது. பாகங்களைக் கண்ணுக்குத் தெரியாமல் இறுக்கிக் கட்டும் ஆட்டோஸ்ட்ரட்டைப் போடுங்கள், ஆனால் மிகக் கனமான பாகத்தோடு கட்டும் 'ஹெவியஸ்ட்' வேண்டாம், டாக் ஆனதும் (கப்பல்கள் இணைந்ததும்) கனமான பாகமே மாறிவிடலாம். தாய்ப் பாகத்தின் தாயோடு கட்டும் 'கிராண்ட்பேரன்ட்' நல்லது.

மேலே போய் இரண்டும் அருகில் வந்ததும் எஃப்5 அழுத்தி சேவ் செய்யுங்கள் (மழைக்காலத்தில் கடலூரில் கரண்டை நம்ப முடியாது). ஒரு போர்ட்டில் 'கன்ட்ரோல் ஃப்ரம் ஹியர்' கொடுத்து, அதற்கு நேர் எதிரே வரப்போகும் போர்ட்டை டார்கெட் ஆக்குங்கள். அப்புறம் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி, இரண்டு பாதியும் ஒரே தளத்தில் படியும்வரை க்யூ, ஈ விசைகளால் உருட்டுங்கள். ஒரே ஜோடி போர்ட் என்றால் இந்த உருட்டல் தேவையே இல்லை, இங்கே இதுதான் பாதி வேலை.

கேப்ஸ் லாக் (நுணுக்கமாக இயக்கும் முறை) போட்டு, நொடிக்கு 0.1 மீட்டரில் நெருங்குங்கள். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் இணைப்புச் சோதனையில் இரண்டு செயற்கைக்கோள்கள் இதைவிட மெதுவாக, நொடிக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் வேகத்தில் சேர்ந்தன, அதனால் அவசரப்படாதீர்கள். போர்ட்டின் காந்தம் இழுக்கத் தொடங்கியதும் எஸ்.ஏ.எஸ். (கப்பலை ஆடாமல் பிடிப்பது), ஆர்.சி.எஸ். (கப்பலை நகர்த்தும் சின்ன உந்திகள்) இரண்டையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவை காந்தத்தோடு மல்லுக்கட்டும்.

கடைசியில் இரண்டு ஜோடியையும் வலது கிளிக் செய்து பாருங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் 'அன்டாக்' (பிரி) பட்டன் தெரிய வேண்டும். ஒன்றில் தெரியாவிட்டால் அது ஒட்டி நிற்கிறதே தவிர பூட்டவில்லை: பிரித்து, ஒரு மீட்டருக்கு மேல் பின்வாங்கி (அதற்குள் காந்தம் திரும்ப வேலை செய்யாது), உருட்டலைச் சரிபார்த்து மறுபடி வாருங்கள்.