தலையை விட்ட பிறகுதான் தலை இறங்கியது

மொரீஷியஸில் ஓய்வு பெற்ற பந்தயக் குதிரை ஒன்றைச் சவாரிக்குப் பழக்குகிறேன். இடது வட்டத்தில் ட்ராட் (நடைக்கு அடுத்த துள்ளோட்டம்) போனால் தலையை வானத்துக்குத் தூக்கும், முதுகு குழியும், வலது கடிவாள வார் கல்லாக இறுகும். வலப்பக்கம் திரும்பினால் ஒரு தொல்லையும் இல்லை.

பல் பார்த்தாயிற்று, சேணம் மாற்றியாயிற்று. மெல்லிய கடிவாளம் போட்டேன், பயனில்லை. தலையைக் கீழே இழுத்துக் கட்டும் வாரும் போட்டேன். கழுத்து நடுவில் மடிந்ததே தவிர முதுகு எழவில்லை. இரண்டு வாரம் வீண்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள், அலை வற்றிய ஈர மணலில் வட்டமடித்துவிட்டு இறங்கித் தடத்தைப் பார்த்தேன். இடது பின்கால் முன்கால் தடத்தின் மேல் விழவில்லை, நாலு விரல் உள்பக்கம் விலகி விழுந்திருந்தது. அப்போதுதான் புரிந்தது. இங்குள்ள பந்தயத் திடலான ஷாம் தெ மார்ஸில் குதிரைகள் வலப்புறமாகவே சுற்றும். இடது வட்டத்தில் உள்காலில் பாரம் தாங்க இதற்குப் பழக்கமே இல்லை. தலை தூக்கியது சமநிலைக்காக.

சரி என்று கட்டுவாரைக் கழற்றினேன். 20 மீட்டர் வட்டம், வெறும் நடை. குதிரையின் வயிறு வலப்பக்கம் அசையும் நொடியில்தான் இடது பின்கால் தரையை விட்டு எழும். அந்த நொடியில் மட்டும் என் இடது காலால் லேசாக அழுத்தி, இடது வாரை ஒரு சாண் விட்டுக்கொடுத்தேன். அப்புறம் ஐந்தாறு எட்டு ட்ராட், மறுபடி நடை. தினம் 20 நிமிடம், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் கழுத்து தானாக நீண்டு இறங்கியது, தாடை தளர்ந்து வாயோரம் நுரை கட்டியது. மணலில் தடம் தடத்தின் மேல் விழுந்திருந்தது. நிம்மதி.