வன்னிச் சுற்று: மாங்குளத்தில் கிழக்கே திரும்புங்கள்

இலங்கையின் வடக்கே வன்னியைச் சுற்றிவரும் பாதை இது: வவுனியா, மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, பரந்தன், ஆனையிறவு. பிறகு ஏ-9 வீதியால் (கண்டி–யாழ்ப்பாணம் நெடுஞ்சாலை) திரும்பி வவுனியா. சுற்று 240 கி.மீ. அளவில் வரும். பலர் இதைத் தலைகீழாக ஓடி, பொழுதுபடும் நேரம் ஒட்டுசுட்டான் காட்டு றோட்டில் மாட்டுப்படுகிறார்கள். யானை றோட்டுக்கு ஏறுகிற நேரமும் அதுதான். ஆகவே காட்டைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

வவுனியாவிலேயே பெற்றோல் நிரப்பி, ரயருக்குக் காற்றுப் பார்த்து, ஆறு மணிக்கு வெளிக்கிடுங்கள். ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர். மோட்டார் சைக்கிள் என்றால் உதிரி ரியூப் ஒன்று. காட்டுக்குள் ஒட்டுப்போட ஆள் கிடைக்காது. மாங்குளத்தில் திரும்பியதும் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், கறுப்புக் கண்ணாடி தேவை.

மார்கழி, தையில் வயல் பச்சை. மாசி, பங்குனியில் அறுவடை: தார் றோட்டின் ஒரு பாதியில் நெல் காயும், ஓரத்தில் கல்லும் தடியும் வைத்திருப்பார்கள். நெல்லின் மேல் பிரேக் பிடித்தால் சில்லு வழுக்கும். முன்னரே வேகத்தைக் குறைத்து, எதிரே வாகனம் வந்தால் நின்று வழிவிடுங்கள்.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில், அப்பால் கடல்நீரில் விளக்கெரியும் வற்றாப்பளை கண்ணகி அம்மன். பையில் வேட்டி ஒன்று இருக்கட்டும். வைகாசிப் பொங்கல் நாளில் அந்தப் பக்கம் வாகனம் நகராது.

மதியச் சாப்பாடு முல்லைத்தீவில். அடுத்தது வட்டுவாகல், நந்திக்கடல் களப்பைக் கடக்கும் இடம். பழைய பாலம் தாழ்வானது, ஒடுக்கமானது. மாரியில் வெள்ளம் மேலால் பாயும். பாலத்தால் போகலாமா என்று முல்லைத்தீவுச் சந்தியில் கேட்டுவிட்டு இறங்குங்கள். முடியாதென்றால் ஒட்டுசுட்டானுக்குத் திரும்பிப் புதுக்குடியிருப்பு றோட்டைப் பிடிக்கலாம். பாலம் தாண்டினால் முள்ளிவாய்க்கால், 2009இல் போரின் கடைசி நாள்களில் ஏராளமான சனம் செத்த இடம். அங்கே செல்பி வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை எங்கே கண்டாலும், சிறுநீர் கழிக்கக்கூடப் பற்றைக்குள் இறங்காதீர்கள், மிதிவெடி.

பரந்தனில் வலப்பக்கம் திரும்பினால் ஆனையிறவு. உப்பளம், களப்பு, 1991 சமரில் சிதைந்த புலிகளின் கவச புல்டோசர். அதை நினைவுச்சின்னமாக வைத்தது இராணுவம். பலகையிலுள்ள கதை ஒரு பக்கத்துக் கதை என்பதை மனதில் வைத்து வாசியுங்கள்.

திரும்பும்போது முறிகண்டிப் பிள்ளையார். எந்த வாகனமும் இங்கே நிற்கும்: கற்பூரம், தேங்காய், பிறகு கச்சான் (நிலக்கடலை). மணலில் வறுத்ததைக் கோதோடு வாங்குங்கள். வாங்குமுன் ஒன்றை உடையுங்கள். கோது சட்டென்று வெடித்து, பருப்பின் சிவப்புத் தோல் விரலால் தேய்க்கவே கழன்றால் புது வறுவல். தோல் ஒட்டிக்கொண்டால் நமத்தது, அடுத்த கடை பாருங்கள்.

இருட்டின பிறகு ஏ-9இல் ஆபத்து மாடுகள்தான். தார்ச் சூட்டுக்கு நடு றோட்டில் படுத்திருக்கும். எதிரே வரும் லொறி வெளிச்சத்தில் கறுப்பு மாடு தெரியவே தெரியாது. 50க்கு மேல் ஓடாதீர்கள். நேரம் பிந்திவிட்டால் கிளிநொச்சியில் தங்கி, முறிகண்டியை விடியப் பாருங்கள்.