தனியாக ஆடிப் பழகியவர்கள் ஆன்லைனில் இறங்குவது எப்படி: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டைத் தனியாகவே ஆடிவருகிறவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். ஊரைக் கட்டி, ஆள் வளர்த்து, படை திரட்டி எதிரியை வெல்லும் கணினி விளையாட்டு இது, 1999-ல் வந்தது. அப்போது பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடியவர்கள், வேலை, குடும்பம் என்று ஆன பிறகு 2019-ல் வந்த புதுப்பித்த பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷனை வாங்கி, இரவு நேரத்தில் கேம்பைன்களை, அதாவது கதையாக வரும் கட்டங்களை, ஒவ்வொன்றாக முடிக்கிறார்கள். ஆன்லைனுக்கு வாங்க என்று கூப்பிட்டால், "அங்க போனா பத்து நிமிஷத்துல அடிச்சுத் துரத்திடுவாங்க" என்று பின்வாங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். கடை அடைத்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு மேல்தான் கணினி முன் உட்கார முடியும். தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். அங்கே அப்போது எட்டரை. வாரத்தில் சில இரவு அவனோடு சேர்ந்தும், சில இரவு முன்பின் தெரியாதவர்களோடும், மீதி நாள் தனியாகவும் ஆடுகிறேன். மூன்றையும் விட எனக்கு மனமில்லை. ஒவ்வொன்றும் தருவது வேறு.

தனியாக ஆடும்போது உங்கள் கையும் கணக்கும் தேறும். எதிராளி என்ன செய்யப்போகிறார் என்று ஊகிக்கும் திறமை மனிதரோடு ஆடினால்தான் வரும். ஆகவே கணக்கைத் தனியாகவே முடித்துக்கொண்டு போங்கள். ஊகத்தைத் தனியாகக் கற்க முயன்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

முதலில் கணக்கு

கேம்பைன்கள் அருமையானவை. ஆனால் அவை ஒரு பழக்கத்தை ஊட்டிவிடும். பல கட்டங்களில் எதிரி நாம் போய்த் தட்டும்வரை பெரிதாக வரமாட்டான். சுற்றிலும் மதில் எழுப்பி, மக்கள்தொகையை 200 வரை நிரப்பி, பெரும்படையோடு ஒரே தடவையாகக் கிளம்புவது அங்கே நன்றாகவே செல்லுபடியாகும். தவறிப்போனால் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். ஆன்லைனில் 200 பேர் சேரும்வரை யாரும் பொறுத்திருக்க மாட்டார்கள்.

அதனால் கேம்பைனை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கணினியை எதிரியாக வைத்து ஆடும் ஸ்கர்மிஷ் முறையில், திறந்த வெளியான அரேபியா மேப்பை எடுங்கள். வேகத்தை நார்மலில் வையுங்கள். அதுதான் 1.7 மடங்கு வேகம், ஆன்லைனில் மதிப்பெண்ணுக்காக ஆடும் ரேங்க் ஆட்டங்களின் வேகமும் அதுவே. ஸ்லோவில் பழகிய கை ஆன்லைனில் திணறும். விளையாட்டுக் கடிகாரத்தில் பத்து நிமிடம் என்பது நம் சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிடம்கூட ஆகாது.

இப்போது ஒரே ஒரு இலக்கு. ஆட்களை உருவாக்கும் டவுன் சென்டர் ஒரு நொடியும் சும்மா இருக்கக் கூடாது. வேலையாளான வில்லேஜர் ஒருவர் உருவாக 25 விநாடி, 50 உணவு. தொடக்கத்தில் மூன்று பேர் இருப்பார்கள். 21 பேர் ஆக்க இன்னும் 18 பேர் வேண்டும். 18 தடவை 25 என்றால் 450 விநாடி, அதாவது ஏழரை நிமிடம். வில்லேஜரின் உயிர்ப்புள்ளியைக் கூட்டும் லூம் ஆராய்ச்சிக்கு 25 விநாடி. ஆக 7:55-க்கு அடுத்த யுகமான ஃபியூடல் ஏஜ் பட்டனை அழுத்தலாம். அதற்கு 130 விநாடி ஆகும். 10:05-க்கு ஃபியூடலில் நிற்பீர்கள். இது இடைவெளியே விடாத கணக்கு. நடைமுறையில் அரை நிமிடம் கூடினால் பரவாயில்லை. மூன்று நிமிடம் கூடுகிறது என்றால் இன்னும் தனியாகத்தான் பழக வேண்டும்.

அதற்கு ஆட்களைப் பிரிப்பது எப்படி? முதல் ஆறு பேர் ஆட்டுக்கு. அடுத்த மூன்று நான்கு பேர் மரத்துக்கு. பிறகு ஒருவரை அனுப்பிக் காட்டுப்பன்றியை டவுன் சென்டர் பக்கம் இழுத்து வாருங்கள். ஒரு பன்றியில் 340 உணவு, ஒரு ஆட்டில் 100 என்பதால் பன்றிக்குப் பயந்து ஒதுங்குவது பெரிய நஷ்டம். அடுத்த நான்கு பேருக்கு ஒரு மில் கட்டி பெர்ரிச் செடி. மீதிப் பேர் மரத்துக்கும் இரண்டாவது பன்றிக்கும். ஃபியூடலுக்கு 500 உணவும் தொடக்க யுகமான டார்க் ஏஜ் கட்டடம் இரண்டும் தேவை. மில்லும், மரம் சேர்க்கும் லம்பர் கேம்ப்பும் இருந்தால் அந்தக் கணக்கு தீர்ந்தது. வீடு அதில் சேராது. ஆனால் வீடு இல்லாமல் ஆள் உற்பத்தி நின்றுபோவதுதான் புதியவர்களின் நேரத்தை அதிகம் தின்கிறது, அதனால் அடுத்த வீட்டை எப்போதும் இரண்டு ஆள் முன்னதாகவே தொடங்குங்கள்.

விளையாட்டுக்குள்ளேயே ஆர்ட் ஆஃப் வார் என்று ஒரு பயிற்சிப் பகுதி உண்டு. பதக்கம் கொடுப்பார்கள். அதில் தொடக்கப் பொருளாதாரப் பாடத்தை வெள்ளி கிடைக்கும்வரை ஆடுங்கள். தங்கத்துக்காக வாரக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை.

ஏஐ என்ன சொல்லித் தரும், எதைச் சொல்லித் தராது

பழைய பதிப்பில் மேல் நிலைகளில் கணினிக்கு இலவசமாக வளம் கிடைக்கும். டெஃபினிட்டிவ் எடிஷனில் எதிரியாக ஆடும் கணினி, அதாவது ஏஐ, அப்படி ஏமாற்றாது. மிகக் கடினமான எக்ஸ்ட்ரீம் நிலையிலும் நம்மைப் போலவே மரம் வெட்டித்தான் வளர்கிறது. கல்லெறியும் பொறியான மேங்கனலின் கல் வருவதைக் கண்டதும் அதன் வில்லாளர்கள் விலகும் வேகம் நமக்கு வராது. ஆகவே அடி வாங்கித் தாங்கப் பழக அது நல்ல துணை.

ஆனால் சில ஆட்டங்களுக்குப் பிறகு அதன் போக்கு உங்களுக்குப் பிடிபட்டுவிடும். சின்னச் சின்னக் குழுவாக வரும், போகும், திரும்ப வரும். உங்கள் தங்கச் சுரங்கத்துக்குப் பின்னால் ஒரு டவரை ஒளித்துக் கட்டிவிட்டு, முன்னால் குதிரையைக் காட்டி ஏமாற்றுகிற குறும்பு மனிதரிடம்தான் வரும். ஹார்ட் நிலையை மதில் கட்டாமல் நிதானமாக ஜெயிக்க முடிந்தால் நீங்கள் தயார். எக்ஸ்ட்ரீமை ஜெயித்த பிறகுதான் போவேன் என்று இருந்தால், ஏஐயை மட்டும் ஜெயிக்கத் தெரிந்தவராகத்தான் போய்ச் சேருவீர்கள்.

நேரே போகத் தயக்கமாக இருந்தால் நடுவில் ஒரு படி உண்டு. தெரிந்த ஒருவரோடு சேர்ந்து, இருவரும் ஒரே அணியாக ஏஐகளுக்கு எதிராக ஆடுங்கள். கோ-ஆப் கேம்பைன்களும் இருக்கின்றன. தம்பியும் நானும் அப்படித்தான் தொடங்கினோம். யாரும் நம்மைக் கவனிக்கவில்லை என்ற நிம்மதியும் இருக்கும், கூட ஆடுபவரோடு பேசி முடிவெடுக்கும் பழக்கமும் வரும்.

முதல் ரேங்க் ஆட்டம்

ஆன்லைனில் எல்லோருக்கும் எலோ என்ற மதிப்பெண் உண்டு. இயற்பியல் பேராசிரியர் அர்பாத் எலோ செஸ்ஸுக்காக உருவாக்கிய முறை அது. 1970-ல் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே அதை ஏற்றது. நம் வீடுகளில் குழந்தைகளின் செஸ் ரேட்டிங் பற்றிப் பேசுகிறோமே, அதே கணக்குதான். புதியவர் 1000-ல் தொடங்குவார். ஆனால் முதல் தடவை வருகிறவரின் உண்மையான நிலை பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். ஆகவே முதல் சில ஆட்டங்கள் கைவிட்டுப் போகும். அது உங்கள் திறமைக்கான தீர்ப்பு இல்லை, எண் தன் இடத்தைத் தேடி இறங்குகிறது. பட்டியலில் பெயர் வரவே பத்து ஆட்டம் முடிய வேண்டும். அதுவரை எண்ணைப் பார்க்காமல் ஆடுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சமமானவர்களை மோதவிடுவதுதான் இந்த முறையின் வேலை. அது சரியாக நடந்தால் நீங்கள் ஆடுவதில் பாதி தோல்விதான். தனியாக ஆடியபோது சேமித்துச் சேமித்து எல்லாவற்றையும் ஜெயித்தவர்களுக்கு இது ஆரம்பத்தில் வலிக்கும். 800-ல் இருப்பவரும் பாதி தோற்கிறார், 2000-ல் இருப்பவரும் ஏறக்குறைய அப்படியே.

ஆடுவதற்கான நாகரிகங்களில் (சிவிலைசேஷன்) ஒன்றை எடுத்து அதிலேயே நில்லுங்கள். நான் சிபாரிசு செய்வது ஃபிராங்க்ஸ். அவர்களின் குதிரைகளுக்கு உயிர்ப்புள்ளி கூடுதல், காசில் விலை குறைவு, பெர்ரி வேகமாகப் பறிப்பார்கள். திராவிடியன்ஸ் மேல் நமக்கு ஆசை வருவது இயல்புதான். அவர்களைக் கொண்டுவந்த டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பு 2022-ல் வந்தபோது, வில்லேஜரைச் சொடுக்கியதும் தமிழில் பதில் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவர்களுக்கு நைட் குதிரைப்படை கிடையாது. திறந்த வெளி மேப்பில் புதியவருக்கு அது கஷ்டம். கடல் மேப் வரும்போது எடுங்கள், அங்கே அவர்கள் பலசாலிகள்.

எதிராளியைப் படிப்பது

ஏஐயோடு ஆடும்போது ஸ்கவுட் குதிரையை ஆடு தேட மட்டும் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். மனிதரோடு ஆடும்போது அந்தக் குதிரைதான் உங்கள் கண். ஏழெட்டு நிமிட வாக்கில் அவர் ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஃபியூடலுக்குப் போகுமுன்பே படைவீடான பேரக்ஸ் கட்டி, ஒன்றிரண்டு பேர் தங்கம் வெட்டினால் காலாட்படையான மிலிஷியா வருகிறது. தங்கத்தில் நாலைந்து பேர் நின்றால் பெரும்பாலும் வில்லாளர்கள். தங்கத்தில் ஆளே இல்லை, உணவில் கூட்டம், ஃபியூடலானதும் குதிரை லாயமான ஸ்டேபிள் எழுகிறது என்றால் ஸ்கவுட் குதிரைகள். கடைக்குள் நுழைகிறவரின் கைவிரல் சுண்ணாம்பைப் பார்த்தே அவர் பெயின்டரா, வீட்டுக்காரரா என்று சொல்லிவிடலாம். அந்த மாதிரிப் பார்வைதான் இது, ஆடஆட வந்துவிடும்.

கண்டதற்கு மறுமொழி எளிது. குதிரைக்கு ஈட்டிவீரர்: ஸ்கவுட்டின் விலை 80 உணவு, ஈட்டிவீரர் 35 உணவும் 25 மரமும்தான். வில்லாளருக்கு, எறியீட்டி வீசும் ஸ்கர்மிஷர்: தங்கமே தேவையில்லை. லூம் போட்டிருந்தால் வில்லேஜரின் உயிர்ப்புள்ளி 25-லிருந்து 40 ஆகும், அவர்களே கொஞ்ச நேரம் தாங்குவார்கள்.

எதிரி ஊருக்குள் வந்ததும் மணியடித்து எல்லோரையும் உள்ளே அழைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். மூன்று குதிரைக்காக இருபது பேர் வேலையை நிறுத்தினால், அவர் ஒருவரைக்கூடக் கொல்லாமலே ஜெயித்துவிடுவார். அடி விழும் இடத்தில் இருக்கும் நாலு பேரை மட்டும் உள்ளே அனுப்பி, மற்றவர்களை வேலை பார்க்க விடுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே மனிதரோடு ஆட வேண்டும் என்பேன்.

சேர்ந்து ஆடும்போது

அணி ஆட்டத்தில் ஓரத்தில் இருப்பவர் ஃபிளாங்க், நடுவில் இருப்பவர் பாக்கெட். அடி முதலில் ஃபிளாங்குக்குத்தான் விழும்; அவர் வில்லாளர்களோடு தாங்குவார், பாக்கெட் நைட்டுகளை வளர்த்துக்கொண்டு வந்து உதவுவார். புதியவர் பாக்கெட்டில் இருந்து தொடங்கலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவர் எரியும்போது இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. பத்து ஈட்டிவீரர்களையாவது அனுப்புங்கள்.

மொழி தெரியாதவர்கள் அணியில் வந்தால் எண்களே பேச்சு. 3 என்று அடித்தால் உணவு வேண்டும், 4 மரம், 5 தங்கம், 6 கல். 11 அடித்தால் சிரிப்புச் சத்தம். அதை ஜெயிக்கும் நேரத்தில் அடித்து எதிராளியைப் புண்படுத்துகிறவர்கள் உண்டு, நீங்கள் செய்யாதீர்கள். தொடக்கத்தில் ஜிஎல்ஹெச்எஃப் (குட் லக், ஹேவ் ஃபன்), முடிவில் ஜிஜி (குட் கேம்), அது போதும். யாராவது வசை பாடினால் மியூட் செய்துவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்.

வீட்டு ஏற்பாடும் ஆட்டத்தில் சேர்த்திதான். பாதியில் இணைப்பு போனால் தோல்விக் கணக்கு. அணி ஆட்டத்தில் மற்றவர்களின் இரவும் வீண். ரவுட்டரையும் கணினியையும் இன்வெர்ட்டரில் இணையுங்கள். முக்கால் மணி நேரம் கூப்பிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு உட்காருங்கள். அப்படிச் சொல்ல முடியாத இரவு என்றால் ரேங்க் வேண்டாம், கேம்பைன் ஆடுங்கள். அதை நிறுத்தி வைக்கலாம்.

தோற்ற ஆட்டத்தை என்ன செய்வது

ஆட்டத்தின் பதிவு தானாகச் சேமிக்கப்படும். தோற்றதைத் திறந்து எதிராளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். முழுவதும் வேண்டாம். 10, 15, 20-வது நிமிடங்களில் நிறுத்தி, இருவரின் வில்லேஜர் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுங்கள். எந்த இடைவெளியில் வித்தியாசம் பெரிதாகிறதோ அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். போரில் தோற்றதாக நாம் நினைக்கும் ஆட்டங்களில் பல, அதற்கு வெகுமுன்பே வயலில் தோற்றவைதான்.

அந்த ஒரு குறையை எடுத்துக்கொண்டு தனி ஆட்டத்துக்குத் திரும்புங்கள். தொடக்கத்திலேயே ஸ்கவுட் குதிரைகளோடு பாயும் ஸ்கவுட் ரஷ்ஷைத் தாங்க முடியவில்லையா? தற்காப்புக்கென்றே ஆர்ட் ஆஃப் வாரில் ஒரு பாடம் இருக்கிறது. எந்தப் படை எதை வெல்லும் என்று சந்தேகமா? சினாரியோ எடிட்டரில் பத்துக்குப் பத்து நிறுத்தி மோதவிட்டுப் பாருங்கள். தனியாக ஆடுவதற்கு இப்போது ஒரு நோக்கம் கிடைத்துவிடுகிறது, அது முன்பைவிட ருசிக்கும்.

ஓர் இரவில் இரண்டு ஆட்டம் வரிசையாகத் தோற்றால் மூன்றாவதைத் தேடாதீர்கள். சோர்ந்த கை இன்னும் மெதுவாகும், கோபத்தில் ஸ்கவுட்டை மறந்துவிடுவீர்கள். ராஜேந்திர சோழன் கேம்பைனில் ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றை ஹார்டில் வைத்து நிதானமாக ஆடுங்கள், மறுநாள் ரேங்குக்கு வாருங்கள்.