மினமாட்டா கதையை ஒரு மணி நேரத்தில் சொல்வது எப்படி

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நூலகத்தை வாயனசாலை என்றுதான் சொல்வோம். எங்கள் வாயனசாலையில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் தமிழில் ஏதாவது பேசுவது என் பொறுப்பு. ஆலைக் கழிவில் வந்த பாதரசத்தால் மக்கள் நோயில் விழுந்த ஜப்பானிய ஊரான மினமாட்டாவைப் பற்றி இதுவரை மூன்று தடவை பேசியிருக்கிறேன். முதல் தடவை மெய்ஜி காலத்திலிருந்து (1868–1912) ஆரம்பித்தேன். 1945 வருவதற்குள் பாதிப் பேர் கட்டன் சாயா குடிக்கப் போய்விட்டார்கள். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

முதலில் படம். கரும்பலகையில் கியூஷு தீவின் மேற்குக் கரையையும், எதிரே அமாகுசா தீவுகளையும் வரையுங்கள். நடுவில் இருப்பது ஷிரானுய் கடல். கடல் என்றதும் நம்மாட்கள் கோழிக்கோடு கடலை நினைத்துக்கொள்வார்கள். இது ஏரி மாதிரி அடைபட்ட தண்ணீர், உள்ளே விட்டது லேசில் வெளியே போகாது என்று சொல்லிவிடுங்கள். கரையில் சிஸ்ஸோ என்ற ரசாயனக் கம்பெனியின் ஆலைக்கு ஒரு கட்டம். அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனம் தயாரிக்கப் பாதரசம் பயன்படுத்தினார்கள். அதில் உண்டான மெத்தில் பாதரசம் கழிவுநீரோடு கடலுக்கும், மீனுக்கும், மீன் தின்றவர் மூளைக்கும் போனது. வேதியியல் இவ்வளவு போதும்.

கழிவுநீர் போன வழியை மட்டும் இரண்டு நிறச் சாக்பீஸில் போடுங்கள். முதல் கோடு மினமாட்டா விரிகுடாவுக்குள். இரண்டாவது, 1958 செப்டம்பரிலிருந்து, மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்கு. அதற்கப்புறம் நோய் புது ஊர்களிலும் தலைகாட்டியது. அந்தக் கோட்டை இழுக்கும்போதே யாராவது "அடப்பாவி" என்பார்கள்.

பூனைகள் ஆடிச் சுழன்று செத்ததையும், 1956 மே 1 அன்று ஆலையின் சொந்த மருத்துவமனையே காரணம் புரியாத நோய் என்று சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்ததையும் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இனிமேல் வரிசை முக்கியம். கம்பெனிக்கு எது எப்போது தெரியும் என்பதை இப்போதே உடைத்துவிடாதீர்கள். முதலில் ஒப்பந்தம். தேதி 1959 டிசம்பர் 30. ஜப்பானில் புத்தாண்டுதான் பெரிய பண்டிகை; நமக்குத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு மாதிரி. மீனை வாங்க ஆளில்லை. கம்பெனி "ஆறுதல் பணம்" நீட்டுகிறது: இறந்தவருக்கு 3,00,000 யென், நோயாளி பெரியவரானால் வருடம் 1,00,000, குழந்தையானால் 30,000. பின்னால் ஆலைக் கழிவுதான் காரணம் என்று தெரிந்தாலும் புதிதாக நஷ்டஈடு கேட்கக் கூடாது. இதைத் தாளில் எழுதி எல்லார் கையிலும் கொடுத்துவிட்டு, "கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேளுங்கள்.

போன தடவை கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து, களை பறிக்கப் போகும் ஒரு அக்கா, "அரிசிப் பானை காலியா இருந்தா போடத்தானே செய்வோம் மாஷே" என்றார். (மாஷ் என்றால் இங்கே வாத்தியார்.)

இப்போது 400ஆம் எண் பூனையைக் கொண்டுவாருங்கள். ஆலை மருத்துவர் ஹொசொகாவா கழிவுநீரைத் தீனியில் கலந்து அதற்குக் கொடுத்துப் பார்த்தார். 1959 அக்டோபரில் அதற்கும் அதே நோய். நிர்வாகம் விஷயத்தை வெளியே விடவில்லை. அக்டோபர், டிசம்பர் என்று பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். விளக்கினால் கெட்டுப்போகும்.

பாலக்காட்டில் ஒரு கேள்வி வராமல் இருக்காது: "அங்கே யூனியன் இல்லையா?" இருந்தது. ஊரே ஆலையை நம்பி இருந்ததால் நோயாளிகளை அக்கம்பக்கமே ஒதுக்கி வைத்தது. சங்கமும் அவர்களுக்காக நிற்கவில்லை. 1962இல் தொடங்கிய நீண்ட வேலைநிறுத்தத்தில் சங்கம் இரண்டாக உடைந்தது. அதில் பழைய சங்கம், இத்தனை வருடம் போராடாமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறோம் என்று 1968 ஆகஸ்டில் தீர்மானம் போட்டது. எங்கள் கூட்டத்தில் பழைய யூனியன்காரர் ஒருவர் இதைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

மிச்சத்தை வேகமாக முடிக்கலாம். அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். 1970 நவம்பரில் நோயாளிகளும் ஆதரவாளர்களும் ஆளுக்கொரு பங்கு வாங்கி, ஒசாகாவில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்குள் போனார்கள். நோயாளிகள் உடுத்தியிருந்தது யாத்திரைக்குப் போகிறவர்களின் வெள்ளை உடை. மாலை போட்டு மலைக்குப் போகிற ஊரில் இதற்கு விளக்கம் வேண்டாம். 1973 மார்ச் 20 அன்று குமமோட்டோ நீதிமன்றம் கம்பெனிதான் பொறுப்பு, நஷ்டஈடு கொடு என்றது; அந்த ஆறுதல் பண ஒப்பந்தமும் செல்லாது என்றது. கையில் கொடுத்த தாள்களை இப்போது திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். 2001இல் மூடியது, அதுவும் பாதரசம்தான், ஆனால் மீன் வழியாக வந்த மெத்தில் பாதரசம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு இன்னொரு ஞாயிறு வேண்டும்.