உள்ளகக் குழு அமைப்பது எப்படி? சிறு நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும்

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. போஷ் சட்டம் என்று சொல்வது இதைத்தான். இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க நிறுவனத்துக்குள்ளேயே அமைக்கும் குழுதான் உள்ளகக் குழு. பெரிய கம்பெனிகளின் விஷயம் என்று பல சிறு நிறுவனங்கள் இதை ஒதுக்கியே வைத்திருந்தன. இனி அது நடக்காது. சட்டம் சரியாக அமலாகவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதத்தில் வருத்தப்பட்டது. 2024 டிசம்பரில் மாவட்டவாரியாகக் கெடு வைத்தே உத்தரவு போட்டது. கம்பெனியாகப் பதிவானவர்கள், எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளைத் தாண்டி எத்தனை நிற்கிறது என்று இயக்குநர் குழு அறிக்கையில் எழுத வேண்டும் என்ற விதி 2025 ஜூலை 14 முதல் நடப்பில் இருக்கிறது.

நான் அலுவலகப் பணிகளைக் கவனிக்கும் அறக்கட்டளையில் அண்மையில் இந்தக் குழுவை அமைத்தோம். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: தலைகளை எண்ணுங்கள்

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழு கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளப் பட்டியலை மட்டும் பார்த்து எண்ணக் கூடாது. தற்காலிகம், தினக்கூலி, ஒப்பந்தம், பயிற்சிக்கு வந்தவர், சம்பளம் வாங்காத தன்னார்வலர் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் ஊழியர்தான். அறக்கட்டளைகள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆறு பேர் சம்பளத்தில் இருப்பார்கள், களத்தில் பதினைந்து தன்னார்வலர்கள் இருப்பார்கள்.

பத்துக்குக் குறைவு என்றால் புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும். முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கேதான்.

படி 2: ஆட்களைத் தேர்ந்தெடுங்கள்

தலைவர் மூத்த பொறுப்பில் இருக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். அவருடன் ஊழியர்களில் குறைந்தது இருவர், வெளியிலிருந்து ஒருவர். மொத்தத்தில் பாதியாவது பெண்கள். ஒரே பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது.

இதில் எங்களை நிறுத்தி வைத்தது அந்த வெளி உறுப்பினர்தான். பெண்கள் நலனுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனம் அல்லது சங்கத்தைச் சேர்ந்தவராகவோ, பாலியல் துன்புறுத்தல் தொடர்பான விஷயங்களில் பழக்கம் உள்ளவராகவோ அவர் இருக்க வேண்டும். எங்களுக்கு முதலில் சொல்லப்பட்ட பெயர், நிர்வாக அறங்காவலரின் குடும்ப வழக்கறிஞர். திறமையானவர், நேர்மையானவர். ஆனால் அறங்காவலருக்கு நெருக்கமான ஒருவர் மீது நாளைக்குப் புகார் வந்தால், இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி அந்த வழக்கறிஞர் முன்னால் வாய் திறப்பாளா? நிர்வாகத்துக்கு வேண்டியவர்களே சுற்றி உட்கார்ந்திருந்தால் யார் பேசுவார்கள்? அந்தப் பயத்தைப் போக்கத்தான் சட்டம் வெளியாள் ஒருவரைக் கேட்கிறது. அதனால் நிர்வாகத்தோடு பணத் தொடர்பும் உறவும் இல்லாதவரைத் தேடினோம். கடைசியில் குடும்ப ஆலோசனை மையத்தில் பல வருடம் வேலை பார்த்த சமூகப் பணியாளர் ஒருவர் ஒப்புக்கொண்டார். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் இப்படிப்பட்டவர்களைக் கைகாட்டுவார்கள்.

விதிப்படி அவருக்கு ஒரு நாள் அமர்வுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும் உண்டு. இவ்வளவுதான் என்பதால் நேரத்தை மதித்து முன்கூட்டியே நாள் கேளுங்கள்.

நாலு பேரோடு நிறுத்தாதீர்கள் என்பது என் கட்சி. விசாரணைக்குத் தலைவரோடு சேர்த்து மூன்று பேராவது உட்கார வேண்டும். நாலு பேர் குழுவில் ஒருவர் லீவு, ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய அமர்வு போச்சு. ஐந்து அல்லது ஆறு பேர் வசதி.

படி 3: எழுத்தில் உத்தரவு போடுங்கள்

லெட்டர்பேடில், தேதியோடு, நிறுவனப் பொறுப்பாளர் கையெழுத்தோடு. எங்கள் வாசகம்: “2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி கீழ்க்கண்டவர்களைக் கொண்ட உள்ளகக் குழு அமைக்கப்படுகிறது.” அதன் கீழே பெயர், பொறுப்பு, தொலைபேசி எண், பதவிக்காலம் முடியும் தேதி. முடியும் தேதியை எழுதாவிட்டால் காலாவதியான குழுவோடு ஒரு வருடம் ஓடிவிடும்.

இந்த உத்தரவையும் குற்றத்துக்கான தண்டனை விவரத்தையும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். குழுவே அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

படி 4: புகார் வரும் வழியைத் தயார் செய்யுங்கள்

புகாருக்குத் தனி மின்னஞ்சல் முகவரி, அதன் கடவுச்சொல் தலைவரிடம் மட்டும். வாட்ஸ்அப் குழு வேண்டவே வேண்டாம். புகார்தாரரின் பெயர் வெளியே போவதே சட்ட மீறல். குறிப்புகளுக்குப் பக்க எண் போட்ட கெட்டி அட்டை நோட்டுதான் எனக்குப் பிடிக்கும். பக்கம் கிழிந்தால் தெரியும், பூட்டி வைக்கலாம். எக்செல் தாளில் தேதிகள் மட்டும் போதும்.

அந்தத் தேதிகள்: சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். புகார் வந்த ஏழு வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்கு நகல், அவர் பதில் தர பத்து வேலை நாள். 90 நாளில் விசாரணை, அது முடிந்து 10 நாளில் அறிக்கை, அறிக்கை கிடைத்து 60 நாளில் நிர்வாகத்தின் நடவடிக்கை. கெடுவுக்குப் பயந்து அவசரப்படவும் கூடாது. மேலே சொன்ன 2023 தீர்ப்பில், பதில் சொல்லப் போதிய வாய்ப்புத் தராமல் விசாரணையை ஓட்டமாக முடித்ததால், புகாருக்கு ஆளானவரின் பணிநீக்கமே ரத்தானது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

படி 5: பதிவும் ஆண்டறிக்கையும்

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்தில் குழு விவரத்தை ஏற்றுங்கள். வருடம் முடிந்ததும் நிர்வாகத்துக்கும் மாவட்ட அதிகாரிக்கும் அறிக்கை. புகாரே வரவில்லை என்றாலும் ‘இல்லை’ என்று எழுதி அனுப்புங்கள்.

பிற்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்தவை

“மூன்று ஊரில் கிளை, ஒரே குழு போதுமா?” போதாது. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனிக் குழு வேண்டும் என்று 4-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஒரு கிளையில் மூத்த பெண் ஊழியர் இல்லையென்றால் தலைவரை வேறு கிளையிலிருந்து போடலாம். எங்குமே இல்லையென்றால் வேறு நிறுவனத்திலிருந்தும் அழைக்கலாம்.

இன்னொருவர் ஏஜென்சி மூலம் வரும் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிக் கேட்டிருந்தார். அவர்களும் உங்களிடம் புகார் தரலாம். வரவேற்பறையில் ஆங்கிலத்தில் ஒட்டிய தாள் அவர்களுக்கு எட்டாது. தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து, அவர்கள் உடை மாற்றும் அறையிலும் ஒன்று ஒட்டுங்கள். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் எழுதிக்கொடுத்து உதவ வேண்டியது குழுவின் கடமை.