செல்ஃபியையும் சிண்டி ஷெர்மன் படத்தையும் ஒப்பிடுவது எப்படி?

உங்கள் ஃபோனிலிருந்து ஒரு செல்ஃபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் போடாததாக, கையை நீட்டி எடுத்ததாக இருக்கட்டும். கண்ணாடி முன் எடுத்தது வேண்டாம், அதில் ஃபோனும் படத்துக்குள் வந்துவிடும், கணக்கே மாறிவிடும். பக்கத்தில் வைக்க, அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மன், கற்பனை சினிமாக்களின் பெண் பாத்திரங்களாகத் தானே வேடமிட்டு 1977 முதல் 1980 வரை எடுத்த ‘அன்டைட்டில்ட் ஃபிலிம் ஸ்டில்ஸ்’ வரிசையின் 3ஆம் எண் படம். அந்த வரிசை முழுக்கக் கறுப்பு வெள்ளை. செல்ஃபியையும் அப்படியே மாற்றி, இரண்டையும் ஒரே அளவில் பிரின்ட் போடுங்கள். நிறம் போனால்தான் வெளிச்சமும் ஓரங்களும் கண்ணில் படும்.

முதலில், கட்டைவிரலால் இரண்டு முகங்களையும் மறையுங்கள். செல்ஃபியில் மிஞ்சுவது ஒரு தோளும் கொஞ்சம் சுவரும்தான். ஷெர்மன் படத்தில் சமையலறை சிங்க், ஏப்ரன், பாட்டில், படத்திலிருக்கும் பெண்ணின் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் பாத்திரக் கைப்பிடி எல்லாம் அப்படியே நிற்கின்றன. முகம் இல்லாமலே அங்கே ஏதோ நடக்கிறது. இப்போது விரலை எடுங்கள். அவள் தோளுக்கு மேலாகத் திரும்பி, படத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறாள். அங்கே யாரோ வந்து நிற்பதாக நாமே நினைத்துக்கொள்கிறோம். செல்ஃபியில் கண்கள் பெரும்பாலும் திரையில் தெரியும் தன் முகத்தையே பார்க்கும், அதனால்தான் பார்வை லென்ஸை விட்டுச் சற்று விலகியிருக்கும்.

அடுத்தது தூரம். கை நீட்டினால் கேமராவுக்கும் முகத்துக்கும் 30 முதல் 60 செ.மீ. இருக்கும். 30 செ.மீ.யில் எடுத்தால், 1.5 மீட்டரில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். ‘செல்ஃபியில் ஒரு நெருக்கம் இருக்கிறது’ என்று எழுதுமுன் இதைக் கழித்துவிடுங்கள். பாதி நெருக்கம் கையின் நீளம்தான்.

பலர் சறுக்குவது இங்கே: ‘செல்ஃபி உண்மை, ஷெர்மன் நடிப்பு’ என்று பிரித்துவிடுவது. செல்ஃபியிலும் கோணம் தேர்ந்து, பத்து எடுத்து ஒன்பதை அழிக்கிறோம். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. செல்ஃபி ‘இது நான்’ என்கிறது. ஷெர்மன் படத்தில் இருப்பது அவர் உடல், ஆனால் ஆள் அவர் இல்லை. இவற்றைத் தன் உருவப்படங்களாக அவரே கருதுவதில்லை.

சந்தேகம் இருந்தால் செய்து பாருங்கள். ஃபோனை ட்ரைபாடில் வைத்து, பின்பக்கக் கேமராவில் 10 விநாடி டைமர். நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் ஒரு நாற்காலியை வைத்து, அதன்மேல் ஃபோகஸைப் பூட்டுங்கள். இதை விட்டால் பின்சுவர் தெளிவாகவும் நீங்கள் மங்கலாகவும் வருவீர்கள். தரையில் டேப் ஒட்டி, நாற்காலியை நகர்த்திவிட்டு அங்கே நில்லுங்கள். உங்களுடையதல்லாத ஒரு உடை, கையில் ஒரு பொருள், பார்வை கேமராவுக்கு வெளியே. எடுத்ததும் மறுபடி கட்டைவிரலை முகத்தின்மேல் வையுங்கள். வெறும் தோளும் சுவரும்தான் மிஞ்சினால், ட்ரைபாடை ஒரு மீட்டர் பின்னே தள்ளி இன்னொன்று எடுங்கள்.